ஊருக்குப் போகும்போது வண்டியை "பராமரிப்புக்கு" விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம்தான் வண்டி வீட்டுக்கு வந்தது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மொத்தம் 17,300 ரூபாய் போச்சு.

வண்டி அப்பாவுடையது, 1994-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். மாதத்துக்கு இரண்டு தடவை எடுத்தால் பெரிய விஷயம், ஆனாலும் விற்க மனசு வராது. போன ஜூனில் ஏழு மாத வேலையாக மஸ்கட் கிளம்ப வேண்டியிருந்தது. வீட்டில் நிறுத்தினால் கிக்கரை உதைக்க ஆள் இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி. அப்போதுதான் சென்னைப் புறநகரில் பழைய வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ரீல் போடும் ஒரு ஒர்க்‌ஷாப் கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம்.

நம்பியதற்குக் காரணம் அந்த ஓனர் பேசின பேச்சு. "சார், இப்ப வர்றது பழைய பெட்ரோல் இல்ல, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அரை டேங்க்கா விட்டீங்கன்னா மீதி இடம் பூரா காத்துதான். ஈரம் அளவுக்கு மேல போனா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கிடும், அப்புறம் துருதான். உங்க வண்டியில இருக்கிற ரப்பரெல்லாம் இதுக்குச் செஞ்சதே இல்ல. முட்ட நிரப்பி, பெட்ரோல் கெடாம இருக்க மருந்து ஊத்தி, கார்புரேட்டரைக் காலி பண்ணி வெச்சாதான் தப்பிக்கும்." இதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் கொடுமை. என் கண்ணெதிரே ஒரு குட்டி பாட்டிலைத் திறந்து டேங்க்கில் ஊற்றினார், சிந்தின ரெண்டு சொட்டைத் தன் கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தார். அந்தக் கர்ச்சீப்பில்தான் விழுந்தேன். மாதம் 800 வீதம் 5,600, மருந்துக்கும் சர்வீஸுக்கும் 900, ஆக 6,500 ரூபாயை அங்கேயே அனுப்பினேன். டேங்க்கை முட்ட நிரப்பியதும் என் காசில்தான். ஹேண்டில்பாரில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் கட்டிவிட்டு ஃப்ளைட் ஏறினேன்.

மாதாமாதம் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். ஒரு பையன் கிக்கரை உதைப்பான், வண்டி சீறும், நான் கும்பிடு போட்டு அனுப்புவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சத்தத்தைப் படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை போட்டுக் கேட்பேன்.

ஜனவரியில் போய் எடுத்தால் முப்பது உதைக்கும் அசையவில்லை. மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை, பெட்ரோல் கால்வாசிதான் இருந்தது. குட்டியானையில் ஏற்றி எங்கள் தெரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பெட்ரோல் டியூபைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். மேலே பெட்ரோல், அடியில் ரெண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறொன்று, அதில் செம்மண் மாதிரி துரு. கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. "இதை யாரும் ஓட்டவே இல்ல தம்பி" என்றார். அப்போதுதான் வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஏழிலும் என் எலுமிச்சம்பழம் பளபளவென்று மஞ்சளாக இருக்கிறது! வண்டியில் தொங்குவதோ கோலிக்குண்டு சைஸில் கருகிப்போய். வண்டியை விட்ட அன்றே ஏழு வீடியோவையும் எடுத்துவைத்து மாதம் ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள், பையனுக்குச் சட்டை மட்டும் மாற்றிவிட்டு.

ஃபோன் பண்ணினால் ஓனர் வெளியூர். மறுநாள் பொங்கல் லீவு. நேரில் போய் நின்றால், "எத்தனால் பெட்ரோல் சார், நாங்க என்ன பண்றது, கவர்மெண்டைக் கேளுங்க." அடப்பாவி, அதுக்குத்தானே உனக்கு 6,500 கொடுத்தேன்! பெட்ரோல் எங்கே போச்சு என்றால் "ஆவியாயிருக்கும்". ஏழு லிட்டர் ஆவி. எலுமிச்சம்பழத்தைக் காட்டினேன், பதில் இல்லை, அன்று ராத்திரியே என் நம்பர் பிளாக்.

டேங்க் துரு எடுத்து உள்ளே கோட்டிங் 3,800, புது கார்புரேட்டர் 4,200, காக்கு (டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு), டியூப், பிளக், கூலி எல்லாம் 2,800. முன்னே அழுத 6,500-ஐச் சேர்த்தால் 17,300 ரூபாய். பெட்ரோல் காசைச் சேர்க்கவில்லை. ரசீது என்று என்னிடம் இருப்பது விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவில் எழுதின "மெயின்டனன்ஸ் 6500" மட்டும்தான். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பெட்ரோல் காக்கை மூடிவிட்டு வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் காலியாகிவிடும். டேங்க் ஒன்று முட்ட இருக்கட்டும், இல்லையென்றால் வடித்துவிட்டு உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு உருட்டி வையுங்கள், அரைகுறையாக விடாதீர்கள். அனுப்பும் வீடியோவை நம்பாதீர்கள், வீடியோ காலில் உதைக்கச் சொல்லுங்கள். பில் வாங்காமல் பத்து பைசா கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன். அந்தக் காய்ந்த எலுமிச்சம்பழத்தை முச்சந்தியில் போட்டுவிட்டு வரச் சொல்லி அம்மா காலையிலிருந்து நச்சரிக்கிறாள், நான் புகாருக்கு ஆதாரம் என்று கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.