கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு எந்த கேரியர்?

பிள்ளையை உடம்போடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளும் கேரியர்களைத்தான் கடைகடையாகப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பருத்தித் துணியில் ஒரு ரிங் ஸ்லிங், அதாவது வளையத்தில் மாட்டித் தோளில் கட்டிக்கொள்ளும் துணி. பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகு, இடுப்புப் பட்டை வைத்த பக்கிள் கேரியர் ஒன்று. கார் வைத்திருப்பவர்களுக்குக் கார் சீட். கடைகளில் காட்டும் மற்றதில் முக்கால்வாசி நம் வீட்டுக்கும் வெயிலுக்கும் ஒத்துவராத சரக்கு.

எனக்குப் பங்குனிக் கடைசியில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வீடு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறவள் என்பதால் இரண்டு மாநிலத்துக் கடைகளையும் பார்க்க முடிந்தது. வேலை, அங்கத்து இ-சேவை மையமான அக்ஷயா மையத்தில். ஆதார் திருத்தம், வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ் என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற வேலை. மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஆறு மாத லீவெல்லாம் நடக்காது. பிள்ளையைக் கூடவே கொண்டுபோவதாகத்தான் பேச்சு. ஆக, கேரியர் எனக்கு ஊர் சுற்றுவதற்கு இல்லை, வேலை பார்ப்பதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாமியாருக்கு இதில் சம்மதம் இல்லை. "பொறக்கறதுக்கு முன்னாடியே எதுக்கு அம்மிணி கடைகடையா ஏறி எறங்கற?" என்றார். பிள்ளை கைக்கு வரும்வரை அதற்கென்று ஒரு பொருள் வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் எதிர்த்துப் பேசவில்லை. "பார்த்து மட்டும் வைக்கிறேனுங்க அத்தை, வாங்கறது அப்புறம்தான்" என்று சொல்லிவிட்டேன். அது நல்லதாகவே போயிற்று. வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே உள்ளே போகிறவளை எந்த சேல்ஸ்மேனாலும் அசைக்க முடியாது.

பொள்ளாச்சிக் கடை பெரியது, ஏசி போட்டது. பேரைச் சொல்லப் போவதில்லை. கேரியர்கள் ஒரு சுவர் முழுக்க அடுக்கி இருந்தன, எல்லாம் ஒட்டிய பெட்டியில். பிரித்துக் காட்டச் சொன்னால், "பில் போட்டாத்தாங்க பிரிக்க முடியும்" என்றார் அந்தப் பெண். ஷோவுக்கு வைத்திருந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தார். ஆயிரத்துச் சொச்சம் விலை, நாலு விதமாக மாட்டலாம் என்று படம். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் '0 மாதம் முதல்'. அடிப்பக்கம் பொடி எழுத்தில், குறைந்தபட்சம் 3.5 கிலோ.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் நாட்டில் பிறக்கிற குழந்தையின் சராசரி எடை ஏறக்குறைய 2.8 கிலோ. பேர்போன வெளிநாட்டு பக்கிள் கேரியர்களிலும் தொடக்க எடை 3.2 அல்லது 3.5 என்றுதான் இருக்கும். மூன்று கிலோ கூட இல்லாத பிள்ளையை அதில் வைத்தால் உள்ளே சரிந்துபோய், தாடை நெஞ்சில் முட்டும். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, தலையைத் தானாகத் தூக்கிக்கொள்ளவும் தெரியாது. அழக்கூட முடியாமல் மூச்சு அடைபடும். அதனால் மாதக் கணக்கைப் பார்க்காதீர்கள், கிலோக் கணக்கைப் பாருங்கள். பெட்டியைக் கவிழ்த்து அடியில் படிப்பதுதான் முதல் வேலை.

அந்த ஷோ கேரியரில் இன்னொரு கோளாறும் இருந்தது. கால் இடுக்கில் வரும் துணி நாலு விரல் அகலம்தான். அதில் உட்காரும் பிள்ளையின் கால்கள் நேராகத் தொங்கும். முழு எடையும் இடுக்கில் நிற்கும். முழங்கால், பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தொடை முழுக்கத் துணி தாங்க வேண்டும், தவளை உட்காருகிற மாதிரி. முதல் ஆறு மாதத்தில் இடுப்பு மூட்டின் கிண்ணம் குருத்தெலும்பாக இருக்கும் என்பதால் கால் விரிந்து இருப்பது அதற்கு நல்லது என்று இடுப்பு மூட்டுப் பிரச்சினைகளுக்கான பன்னாட்டு அமைப்பும் சொல்கிறது. நம் பாட்டிமார் இடுப்பில் வைக்கும்போது பிள்ளை தானாகவே அப்படித்தான் உட்காரும். வெளியே பார்த்த மாதிரி மாட்டுகிற படம்தான் அந்தப் பெட்டியில் பெரிதாக இருந்தது. கழுத்து உறுதியாக நிற்கும் முன் அந்தப் பேச்சே வேண்டாம்.

கிளம்பும்போது, ஐயாயிரத்துக்கு வாங்கினால் பால்புட்டி செட் இலவசம் என்றார்கள். பால்புட்டி, பால்பவுடருக்கு விளம்பரமோ இலவசமோ கூடாது என்று 1992லேயே சட்டம் இருக்கிறது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். சொன்னேன். "அப்படிங்களா?" என்று சிரித்தார் கேஷியர்.

பாலக்காட்டில் நான் போனது சின்னக் கடை. வயதான சேட்டன் ஒருவரும் அவர் மகளும் நடத்துகிறார்கள். மாட்டிப் பார்க்கலாமா என்றதும், "நோக்கிக்கோ மோளே" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். நாத்தனாரும் அவளுடைய ஐந்து மாதப் பையனும் கூட வந்திருந்தார்கள். என் வயிற்றை வைத்துக்கொண்டு முன்பக்கம் எதையும் மாட்ட முடியாது என்பதால் எல்லாம் நாத்தனார் மேல்தான் சோதனை.

ஸ்ட்ரெச்சி ராப் என்கிற ஐந்து மீட்டர் பனியன் துணி. சுற்றிக் கட்டியதும் பையன் சொக்கிப்போனான், அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஆனால் குழந்தையின் முதுகில் மூன்று அடுக்குத் துணி. ஃபேனுக்கு அடியிலேயே கொஞ்ச நேரத்தில் அவன் கழுத்துமடிப்பில் வேர்வை ஊறிவிட்டது. ஊட்டிக்காரர்கள் வாங்கலாம். நமக்கு வேர்க்குருதான் மிஞ்சும்.

அடுத்தது வெளிநாட்டு பக்கிள் கேரியர், பதினைந்தாயிரத்தை ஒட்டி விலை. தையல், பக்கிள், இடுப்புப் பட்டை எல்லாம் பிரமாதம். நாத்தனாரே, "தோள்ல பாரமே தெரியலை" என்றாள். எடை இடுப்புக்குப் போய்விடுகிறது. ஆனால் முதுகுப் பக்கம் கனமான ஸ்பான்ஜ். சிசேரியன் ஆனவர்களுக்கு அந்தப் பட்டை தையல் மேல் அழுத்தும், டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. வலை வைத்த மாடலும், மெல்லிய பருத்தியில் இந்தியத் தயாரிப்புகளும் இதில் பாதி விலைக்குக் குறைவாகவே கிடைக்கின்றன. ஐந்தாறு மாதத்துக்கு மேல், பிள்ளை கனக்க ஆரம்பித்ததும் அப்படி ஒன்றுதான் நான் வாங்கப் போவது.

ரிங் ஸ்லிங்கை அந்தக் கடையில் வைத்திருக்கவில்லை. மையத்தில் கூட வேலை பார்க்கும் அக்கா தன்னுடையதைக் கொடுத்தார். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நெய்த துணி, ஒரு முனையில் இரண்டு அலுமினிய வளையம். சோல், அன்மோல் போன்ற இந்திய நிறுவனங்கள் நம் ஊர்ப் பருத்தியிலேயே செய்கின்றன. பிள்ளை மேல் ஒரே அடுக்குத் துணி, அதுவும் வேட்டி கனத்துக்கு. பால் கொடுக்கத் தாழ்த்திக்கொள்ளலாம். கொடுத்து முடித்ததும் மறுபடி ஏற்றி இறுக்கிவிட வேண்டும்.

கட்டுவதற்குத்தான் பழக்கம் வேண்டும். நான் மூன்று கிலோ மட்டை அரிசியை ஒரு தலையணை உறையில் போட்டு, வாயைக் கட்டி, நாத்தனாரிடம் கொடுத்தும், கண்ணாடி முன்னால் என் பக்கவாட்டில் வைத்தும் பழகினேன். துணியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டி, கீழ் வளையத்துக்குள் திருப்பி எடுக்க வேண்டும். மடிப்புகள் புடவைக் கொசுவம் போல வரிசையாக விழ வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று சுருண்டுவிட்டால் இறுக்க முடியாது. முழுத் துணியையும் கொத்தாகப் பிடித்து இழுப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மேல் ஓரம் லூசாக இருந்தால், வளையத்துக்குக் கீழே தொங்கும் துணியில் மேல் ஓரத்தை மட்டும் இழுங்கள், கீழ் ஓரத்துக்குக் கீழ் ஓரத்தை. அரிசி மூட்டையின் 'முட்டிக்கு' அடியில் கீழ் ஓரம் போய் உட்கார்ந்ததும், மூட்டை சட்டென்று உடம்போடு ஒட்டி நின்றுவிடும். இரண்டு கையையும் எடுத்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் முதல்முறையாகக் கிட்டே வந்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தார்.

குறையும் உண்டு. பாரம் ஒரே தோளில். அடிக்கடி தோள் மாற்றாவிட்டால் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எந்த கேரியராக இருந்தாலும் பார்க்க வேண்டியது இவைதான்: துணி இறுக்கமாக இருக்க வேண்டும், குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும், உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும், முதுகு தொய்யக் கூடாது. பை மாதிரி ஆழமாகத் தொங்கும் ஸ்லிங்குகள் வேறு ஜாதி. 2010இல் அமெரிக்காவில் அப்படி ஒரு மாடலை, குழந்தைகள் இறந்த பிறகு, பத்து லட்சம் அளவுக்குத் திரும்பப் பெற்றார்கள். ஆன்லைனில் மலிவாக அந்த வடிவத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

அம்மாவிடம் பழைய நெகமம் புடவை ஒன்று இருக்கிறது. கிழித்து ஸ்லிங் தைத்துக்கொள் என்றார். துணி அருமை, நெய்த பருத்தி, வேர்வையை இழுக்கும். சித்தூர் தையல்காரர் திரைச்சீலை மாட்டும் பித்தளை வளையத்தை எடுத்துக் காட்டினார். அங்கேதான் வேண்டாம் என்றேன். ஒட்டுப் போட்ட வளையம் எடை தாங்காமல் வாய் திறந்துவிட்டால் என்ன ஆவது? இதற்கென்றே ஒட்டு இல்லாமல் செய்கிற அலுமினிய வளையமும் நைலான் வளையமும் தனியாக விற்கிறார்கள். வளையம் வரட்டும், புடவையை அப்போது வெட்டிக்கொள்ளலாம். அந்தக் கால ஆட்கள் இதையெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஸ்னக்லி என்கிற கேரியரை 1960களில் கொண்டுவந்த ஆன் மூர், ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் நர்ஸாக இருந்தபோது அங்கத்துத் தாய்மார் முதுகில் பிள்ளையைக் கட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்.

மற்ற சாமான்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஸ்ட்ரோலர்: எங்கள் ரோட்டில் நடைபாதை எங்கே இருக்கிறது? வாக்கர்: வேண்டவே வேண்டாம். கனடாவில் 2004இலேயே விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் பிள்ளையைச் சீக்கிரம் கொண்டுபோகும். தூரி, அதாவது புடவைத் தொட்டில், கட்டுவதில் மாமியாருக்கும் எனக்கும் ஒப்பந்தம்: பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், தலை மடங்காமல் அகலப் புடவையில். ராத்திரிக்குத் தட்டையான கெட்டிப் படுக்கை, மேலே குடை மாதிரி விரிக்கிற கொசுவலை. தலையணை, ஓரத்தைச் சுற்றி வைக்கும் மெத்தை பம்பர் எதுவும் உள்ளே கிடையாது.

கார் சீட்டைப் பற்றி இங்கே குழப்பம் அதிகம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம், அபராதம் ஆயிரம் ரூபாய். 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை இதைக் கறாராக்கப் போவதாக அறிவித்தது, உடனே அமைச்சர் இப்போதைக்கு இல்லை என்றார். அபராதம் வரட்டும், வராமல் போகட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும் முதல் பயணத்துக்கே கார் சீட் வேண்டும். பின் சீட்டில், பின்பக்கம் பார்த்த மாதிரி. பெட்டியில் ஆர்129 என்ற முத்திரை இருந்தால் புதிய தரம், ஆர்44 பழையது. எங்களிடம் கார் இல்லை. கோயம்புத்தூர் மச்சாண்டாருடைய சீட்டை வாங்கி, வாடகைக் காரில் மாட்டிக்கொள்ளப் போகிறோம். எந்த வருஷத்து சீட், விபத்து எதிலும் மாட்டியதா என்று கேட்டுக்கொண்டுதான் சரி என்றேன்.

ஸ்லிங்கில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போகலாமா என்று மையத்துக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள். கூடாதுங்க. ஸ்லிங் நடப்பதற்கு, விழுந்தால் காப்பாற்றுவதற்கு இல்லை. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வண்டியில் கூட்டிப்போனால் ஓட்டுகிறவரோடு பிணைக்கிற ஹார்னஸ், ஒன்பது மாதம் ஆனதிலிருந்து ஹெல்மெட், வேகம் 40க்கு மேல் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. ஒன்பது மாதத்துக்குக் கீழே என்றால் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது.

பாலக்காட்டுக் கடைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் கூட்டத்தில் மாட்டிப் பார்க்க இடம் இருக்காது. கைக்குழந்தையோ, இல்லாவிட்டால் மூன்று கிலோ அரிசியோ கூட இருக்கட்டும். சேட்டன் சிரிப்பார், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார். பொள்ளாச்சியில் பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்றால், அதே மாடலின் எடை வரம்பை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.