மனநிலை ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

தள்ளுபடி வந்ததும் "வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார், அதற்குத்தான் இது. ஆப்பின் பெயர் வேண்டாம். இந்த ரகம் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு: மனநிலைப் பதிவு, எண்ணப் பதிவேடு, செயல் அட்டவணை, பேச ஒரு சாட்பாட்.

முதலில் எரிச்சல். முகப்பிலேயே ஒரு நெருப்புப் படம், பக்கத்தில் 'ஸ்ட்ரீக்' எண், அதாவது விடாமல் பதிந்த நாள்களின் எண்ணிக்கை. ஒரு நாள் பதிவு விட்டால் பூஜ்யம். "ஒன்று தவறினால் எல்லாம் போச்சு" என்று நினைப்பது மனச்சோர்வின் பொறி என்று மூன்றாவது பாடத்தில் சொல்லித் தருவதும் இதே ஆப்தான்! படுக்கையை விட்டு எழவே முடியாத நாளில்தான் பதிவு விடும். மறுநாள் திறந்தால் பூஜ்யம் வரவேற்கும். வடிவமைத்தவர்கள் யாரும் சோர்ந்த மனதோடு இதைத் திறந்து பார்க்கவில்லை போல. அந்த எண்ணை மறைக்க வழி உண்டு, ஆனால் அமைப்புகளில் இல்லை. முகப்புத் திரையை மாற்றும் பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. நிறுவியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

நினைவூட்டல் வராமல் போவதற்கு மட்டும் ஆப்பைத் திட்டக் கூடாது. பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். ஆப்பின் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' இருந்தால் அதையும் இயக்குங்கள். பதிவு தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். காலையில் கனத்து மாலையில் தெளிவது பலருக்கு உண்டு. நேரம் மாறினால் வரைபடம் காட்டுவது மனநிலையை அல்ல, கடிகாரத்தை.

மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளைத் தினமும் நிரப்பச் சொன்னால் தள்ளிவிடுங்கள். அது கேட்பதே கடந்த 2 வாரங்களைப் பற்றி. 2 வாரத்துக்கு ஒருமுறை போதும். 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, ஆப்புக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். 10ஐத் தொட்டாலே டாக்டரைப் பாருங்கள். சாவையோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையோ கேட்கும் 9ஆவது கேள்விக்கு 0 தவிர எதைப் போட்டாலும் மனிதரிடம்தான் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். சாட்பாட்டை இதற்கு நம்பவே வேண்டாம். "மனசே சரியில்ல" என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் மூச்சுப் பயிற்சியை நீட்டும். "பரவால்ல" என்றாலும் அதே மூச்சுப் பயிற்சி.

இனி, எதிர்பாராமல் கிடைத்த நல்லது: மூன்றாவது தாவலில் தூங்கும் செயல் அட்டவணை. மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சிறு வேலையை முதலில் செய்வது. மனம் பின்னால் வரும். "அறையைச் சுத்தம் செய்" என்று எழுதினால் நடக்காது. "நாற்காலியில் கிடக்கும் துணியை மடி, மாலை 5 மணி, 10 நிமிடம்" என்று எழுதுங்கள். எவ்வளவு பிடிக்கும் என்று முன்பே 0 முதல் 10க்குள் ஓர் எண், முடித்ததும் இன்னோர் எண். முன்னதில் 2, பின்னதில் 5 என்று விழும் வரிகள் சேரச் சேர, "எதுவும் பிடிக்காது" என்ற வாதம் தானாகத் தளர்கிறது. சாதித்த உணர்வுக்குத் தனி எண் போடும் பத்தியும் உண்டு. பாத்திரம் கழுவுவது இன்பத்தில் 1 வாங்கினாலும் சாதித்த உணர்வில் 6 வாங்கலாம். நாளுக்கு இரண்டு வேலைக்கு மேல் வேண்டாம், நிறைவேறாத பட்டியலே புதுப் பாரமாகிவிடும்.

இந்த ஒரு அட்டவணைக்கே கொடுத்த காசு செரித்தது. ஆனாலும் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. அந்த நெருப்புப் படம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திரும்ப முளைக்கிறது. காசு கட்டி அதை அணைத்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. வேலை, முன் எண், பின் எண், சாதித்த எண் என்று நான்கு பத்தி போட்ட நோட்டு போதும்.

விலகுபவர்கள் முதலில் பதிவுகளை சிஎஸ்வியாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கிக்கொள்ளுங்கள். ஆப் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது: மனநல சாட்பாட்டாகப் பேர்பெற்ற வோபாட் ஆப்பே 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஆப்பை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதியில் ரத்து செய்தால்தான் நிற்கும்.