அறைக்கு 10 ரிங்கிட்டா, ஆளுக்கு 1200 ரூபாயா?

மலேசியாவில் 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. பூட்டானில் கணக்கு ஆளுக்கு: இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி. மற்ற நாட்டவருக்கு 2022-ல் 200 டாலராக ஏற்றி, அடுத்த ஆண்டே 100 ஆகக் குறைத்தார்கள்.

பெற்றோரும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளும் ஐந்து இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். மலேசியாவில் ஒரே அறை என்றால் 50 ரிங்கிட். நம் பணத்தில் சுமார் ஆயிரம். பூட்டானில் 18,000 ரூபாய்.

தொகையைப் பார்த்தால் மலேசியாதான் லேசு. ஆனால் முணுமுணுப்பை நான் அதிகம் கேட்டது அங்கேதான். அறை வாடகையை ஆன்லைனில் முழுசாகக் கட்டிவிட்டு, பிள்ளைகள் பெட்டிமேல் தூங்கி வழிய வரவேற்பு மேசையில் நிற்கும்போது, "டூரிசம் டாக்ஸ் தனி" என்று ரசீதை நீட்டுவார்கள். சில்லறைத் தொகைதான், இருந்தாலும் சுருக்கென்று இருக்கும்.

பூட்டானில் விலை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. இலவச மருத்துவம், கல்வி, காடு காப்பது என்று பணம் போகும் இடத்தையும் சொல்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று, நாலு பேர் குடும்பத்துக்கு அது உண்மையிலேயே பாரம். அப்படிப் போகிறவர்கள் நாட்களைக் குறைத்து, பாரோ, திம்பு இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.