1,150 டாலர் போனது: "எண்கள் எல்லாம் பொருந்தும்" என்ற இஷாப்பூர் ரைஃபிள்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் தமிழர்கள் ஓரளவு இருக்கிறோம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கடையிலிருந்து வீட்டுக்கு வந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன், கோபம் தணியவில்லை. 1,150 டாலர். தொடர் எண்ணை அராவி மாற்றி ஏமாற்றி விற்ற ஒரு ரைஃபிளுக்கு, அஞ்சல் மணியார்டர்களாகக் கொடுத்த பணம். அது இனி வராது என்பதை இன்று ஏறக்குறைய எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

நான் தேடியது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த .303 லீ என்ஃபீல்டு, நம்பர் 1 மார்க் 3 ரகம். என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், பர்மா வரை போய் வந்தவர். அவர் தோளில் தொங்கிய ரகம் அது. இந்தியாவில் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட துளை அளவு, ஆசைப்பட்டாலும் வைத்துக்கொள்ள முடியாது. இங்கே 30 டாலர் கட்டி மூன்றாண்டுக்கான சேகரிப்பாளர் உரிமம் எடுத்தால், 50 ஆண்டுக்கு மேல் பழையதான துப்பாக்கியை நேரே வீட்டுக்கே வரவழைக்கலாம்.

இப்படிப்பட்ட ஏமாற்றுக்காரர்கள் இன்று எப்படி முளைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய மோசின் நாகாந்த் ரைஃபிள் 100 டாலருக்குள் கிடைத்தது. இரும்பில் அப்பிய காஸ்மோலின் பசையோடு, பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அந்த விலையில் யாரும் யாரையும் ஏமாற்ற மெனக்கெடவில்லை. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை அடைத்தது, 1984 இல் சேகரிப்புக்குரிய பழைய ரகங்களுக்கு மட்டும் வழி திறந்தார்கள், சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அந்த வழியாகக் கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகள் இங்கே கொட்டின. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. 1994 இல் சீனத் துப்பாக்கிகள் நின்றன. தென் கொரியாவில் கிடந்த அமெரிக்காவின் சொந்த எம்1 காரண்டு ரைஃபிள்கள் திரும்பி வருவதை 2013 இல் ஒபாமா அரசு தடுத்தது. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய இறக்குமதி அனுமதி இல்லை. மறுவருடம் உக்ரைனில் போர். இன்று நல்ல மோசினுக்கே 400 டாலர் வேண்டும். ஒரே தொடர் எண் எல்லாப் பாகத்திலும் பொருந்தியிருந்தால் விலை இன்னும் ஏறும். அந்தக் கூடுதல் விலைக்காகத்தான் எண்ணை அராவி, புதிதாக அடித்து விற்கிறார்கள்.

எனக்கு விற்றவர் பழைய ராணுவப் பொருள்கள் ஏலம்போகும் ஒரு தளத்தில் பல ஆண்டாக இருப்பவர், பாராட்டுக் குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. படத்தில் மகுடமும் அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற பிரிட்டிஷ் மன்னரின் முத்திரை எழுத்துகளும் 1943 என்ற ஆண்டும் தெளிவாகத் தெரிந்தன. சுதந்திரத்துக்குப் பிந்தைய இஷாப்பூர் ரைஃபிளில் அசோகச் சிங்கம் இருக்கும். ஆகவே இது போர்க்காலத்ததுதான். அதில் பொய் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன்: போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) எண், முன்மூக்கு (குழல் முனையில் உள்ள உலோக மூடி) எண், குழலின் உட்புறம், சுடத் தகுமா. எல்லாவற்றுக்கும் படம் அனுப்பினார். பிறகு தொலைபேசியில் பேசினோம். ஏன் இந்தக் குறிப்பிட்ட ரகம் என்று கேட்டார். தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் இது உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், வேறு ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்" என்றார். தன் தகப்பனாரும் ராணுவத்தில் இருந்தவர் என்றார். எதை அராவியிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டே, ஒரு செத்துப்போன சிப்பாயின் பெயரைக் கேட்டு உருகியதுபோல் பேசியிருக்கிறார். 1,150 டாலரைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

ரைஃபிள் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. போல்ட் பிடியின் பின்புறம் உள்ள எண்ணைப் பார்த்ததுமே உறுத்தியது. இலக்கங்களின் வடிவம் உடற்பகுதியில் உள்ளதோடு சேரவில்லை, அடியில் பழைய எண்ணின் நிழல் தெரிந்தது. இன்றுதான் கன்ஸ்மித்தால் பார்க்க முடிந்தது. இடப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு புதிதாக இருப்பதைக் கண்டு கரைப்பானால் துடைத்தார். அராவித் தேய்த்த பள்ளத்தில் டி.பி. என்ற இரண்டு எழுத்துகளின் மிச்சம்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு டி.பி. ரைஃபிள் தெரிந்திருக்கும். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும், சுடக் கூடாது என்று ராணுவமே ஒதுக்கியது. சிலவற்றின் குழலில் துளையே போட்டிருப்பார்கள். என்னுடையதில் துளை இல்லை, ஆனால் ஹெட்ஸ்பேஸ் எனப்படும், போல்ட்டுக்கும் தோட்டாவுக்குமான இடைவெளி எல்லை தாண்டியிருந்தது. மூடவே கூடாத அளவுகோலின் மேல் போல்ட் தடையின்றி மூடிக்கொண்டது. இதில் தோட்டா போட்டுச் சுட்டிருந்தால் பித்தளை உறை கிழிந்து, சூடான வாயு பின்னால் முகத்துக்கு வந்திருக்கும். கன்னத்தோடு ஒட்டி வைத்துச் சுடும் ஆயுதம் இது. "சுடத் தகும்" என்று எழுத்தில் சொன்னவர் அந்த மனிதர்.

கடை வாசலிலிருந்தே அழைத்தேன். முதலில், "80 ஆண்டுப் பழைய இரும்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு பரிசோதனைக்கான மூன்று நாள் சனி ஞாயிறையும் சேர்த்து முடிந்துவிட்டது என்றார். படங்களை அனுப்பியதும், அராவியது என் கன்ஸ்மித்தாகவே இருக்கலாம் என்று எழுதினார். அதன்பின் பதில் இல்லை. ஏலத் தளத்தில் முறையிட்டால், "நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம், பரிவர்த்தனை உங்கள் இருவருக்கும் இடையிலானது" என்று ஆயத்தமாக வைத்திருந்த பதில். விற்பனைக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரிகிறது. மணியார்டர்களை அவர் ஏற்கெனவே காசாக்கிவிட்டார், அஞ்சல் நிலையத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அஞ்சல் மோசடிப் புகார் பதிந்திருக்கிறேன். 1,150 டாலர் அவரிடம் இருக்கிறது, சுட முடியாத இரும்பு என்னிடம்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரமாக இவை மட்டும். மணியார்டர் மட்டுமே வாங்குவேன் என்பவரிடம் வாங்காதீர்கள், கிரெடிட் கார்டு என்றால் வங்கியிடமாவது முறையிடலாம். எண்களின் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், மிக அருகில் கேளுங்கள், அராவியது நிழலில் தெரியும். உடலில் ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் விலகிவிடுங்கள். முன்மரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் ஹெட்ஸ்பேஸ் அளக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். இதே ஆண்டு, இதே மகுட முத்திரையோடு, "எண்கள் எல்லாம் பொருந்தும்" என்ற விளம்பரத்தில் சமீபத்தில் யாராவது வாங்கியிருந்தால், இன்றைக்கே இடப்பக்கப் பூச்சைத் துடைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். புகாரில் இன்னொரு பெயர் சேர்ந்தால் வலு கூடும்.