பலகையில் படித்த வயரிங்: ஒரு மூன்று மாதக் கோர்ஸ், இரண்டு வருடம் கழித்து

சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் அந்த மூன்று மாத ஹவுஸ் வயரிங் கோர்ஸை முடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கட்டணத்தைப் பாதியாக்கி விளம்பரம் போட்டிருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த மகனைச் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்லுமுன் எனக்கு இன்னும் அடங்காத கடுப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று மாதத்தில் ஒரு சுவரைக்கூட நாங்கள் தொடவில்லை.

எல்லாம் பலகை. ஆளுக்கொரு பிளைவுட் பலகையில் கேசிங் பட்டி (ஒயரை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டி) அடித்து, புது ஒயரை நேராகப் படுக்க வைத்து, முதலில் ஒரு பல்பு ஒரு சுவிட்ச், அடுத்து மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்க டூ-வே சுவிட்ச், அப்புறம் ஃபேன் ரெகுலேட்டர். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க அம்சமாக இருக்கும். ஆனால் இன்றைக்குக் கட்டுகிற வீட்டில் ஒயர் எங்கே வெளியே ஓடுகிறது? கான்கிரீட் போடும்போதே பைப்பும் ஃபேன் பாக்ஸும் உள்ளே போய்விடும். யாராவது மிதித்து பைப் நசுங்கியிருந்தால், பூச்சு வேலை முடிந்து ஒயர் இழுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். திட்டு வயரிங்காரனுக்கு.

ஒயரைக் கட்டி இழுப்பதற்கான ஸ்பிரிங்கை பைப்புக்குள் விட்டால் இரண்டாவது வளைவில் போய் நின்றுகொள்ளும். மூன்று ஒயரின் நுனியையும் ஒரே அளவாக வெட்டிக் கட்டினால் அந்த முடிச்சே பைப்பை அடைக்கும். ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக வெட்டி, செம்பைக் கொக்கி போல மடக்கி, டேப்பை மெலிதாகச் சுற்றி, கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி, இந்தப் பக்கம் ஒருவர் தள்ள அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவர், எந்தச் சான்றிதழும் இல்லாத ஒரு சைட் மேஸ்திரி. பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கியவர்கள் ஒரு செங்கல் சுவரை எழுப்பி அதில் நாலு பைப்பைப் பதித்துக் காட்டியிருக்கக் கூடாதா?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். எங்களுக்கு வாய்த்த வாத்தியார் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாடப் புத்தகத்தை அவர் அதிகம் திறந்ததில்லை. வகுப்புக்கு முன்னாலேயே வந்து எங்கள் பலகைகளில் எதையாவது கெடுத்து வைத்துவிடுவார். ஒருநாள் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தது, ஆனால் எதுவும் ஓடவில்லை. இரண்டு பக்கமும் கரண்ட் வருகிறதென்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். ஒரு ஓட்டை அணைந்தது. ஒரு பல்பைப் போடச் சொன்னார். திரும்ப எரிந்தது. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், கட்டாகி, பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், அந்தப் பல்பு வழியாகச் சுற்றி வந்து நிற்கிறது. நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் லிங்க்கில் ஒரு ஸ்குரூவை அவர்தான் தளர்த்தி வைத்திருந்தார்.

அந்த ஒரு பாடம் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது. பழைய வீடுகளில் எல்லா ஒயரும் ஒரே நிறத்தில் கிடக்கும், எது பேஸ் எது நியூட்ரல் என்று பார்த்துச் சொல்ல முடியாது. போன ஆடியில் ஒரு வீட்டில், போர்டையே மாற்ற வேண்டுமென்று வேறொருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். லிங்க்கில் கருகிப்போன நுனியை வெட்டி இறுக்கியதும் வீடு முழுக்க ஓடியது. லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் என்பதெல்லாம் ஒயர் கடைக்காரரே சொல்லிவிடுவார். இப்படிப் பழுதைக் கண்டுபிடிப்பதைச் சொல்ல மாட்டார். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னவரும் அந்த வாத்தியார்தான்.

சான்றிதழ் விஷயம். ஃபிரேம் போட்டுத் தருகிறார்கள், மாட்டிக்கொள்ளலாம். அது லைசென்ஸ் இல்லை. புது இணைப்புக்கு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும். மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு தனியாக நடத்துகிறது, அதற்கு வயது, அனுபவம் என்று நிபந்தனைகள் உண்டு. சேரும்போது இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே நண்பரின் மகனுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு போதும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பையனுக்கு வயது இருக்கிறது, போகட்டும். என்னைப் போல நாற்பதைத் தாண்டி, இருந்த தொழிலை மூடிவிட்டு வருகிறவருக்கு இரண்டு வருடம் ஏது? அவர் அந்த வாத்தியாருக்காக முழுக் கட்டணமே கட்டலாம் என்று எழுத நினைத்து, எதற்கும் போன் போட்டுக் கேட்டேன். உடம்புக்கு முடியாமல் வாத்தியார் நின்றுவிட்டாராம். கட்டணம் பாதியானது அதனால்தானா என்று கேட்டதற்கு, இது ஆடித் தள்ளுபடி என்றார்கள்.