காய்ந்த சுருட்டை ‘இரண்டே நாளில்’ புதிதாக்கித் தருபவரிடம் கொடுக்காதீர்கள்

பாரிமுனையை ஒட்டிய சந்து ஒன்றில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை இருக்கிறது. காய்ந்துபோன சுருட்டுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடக்கும் வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

சுருட்டுகள் என் ராயபுரம் மாமாவுடையவை. கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பயணத்தில் வாங்கி வந்த கியூபச் சுருட்டுப் பெட்டியை, 25 சுருட்டுகளையும் தொடாமல், மகன் கல்யாண வரவேற்புக்கு வரும் பழைய கப்பல் கூட்டாளிகளுக்கென்று வைத்திருந்தார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் சுருட்டு எப்படிக் காயும் என்று கேட்பீர்கள். ஏசி அறையில் வைத்தால் காயும். காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் ஏசி வடித்து வெளியே தள்ளிவிடுகிறது. பெட்டியைத் திறந்தபோது, விரல் பட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும் பதத்தில் இருந்தன. (புகையிலை கெடுதல் என்பது எனக்குத் தெரியும். மாமாவின் டாக்டர் இதைவிடக் கடுமையான சொற்களில் சொல்லியாகிவிட்டது.)

“இரண்டே நாள் போதும், அண்ணே. வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆகிவிடும்” என்றார் கடைக்காரர். எப்படிச் செய்வீர்கள் என்று மாமா கேட்டதற்கு, அது தொழில் ரகசியமாம். 3,500 ரூபாயையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த சுருட்டுகளைப் பார்த்தவுடனே ரகசியம் விளங்கிவிட்டது. மேல் இலையில் திட்டுத் திட்டாக நீர்க்கறை, தொட்டால் பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் மலிவு ரம் வாசனை. ஈரப் பஞ்சோடு டப்பாவில் அடைத்து, மேலே எதையோ தடவியிருக்கிறார்கள். பத்துக்கு மேற்பட்டவை, பற்ற வைக்கும் முனையிலிருந்து நீளவாக்கில் வெடித்திருந்தன. வெடிக்கத்தான் செய்யும். திறந்த முனை வழியாக ஈரம் வேகமாக ஏறி உள் இலை உப்புகிறது. காய்ந்த மேல் இலையோ மிக மெல்லியது, அந்த வேகத்துக்கு விரிந்துகொடுக்காமல் பிளந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பிளவுகளுக்குள்தான் இருந்தது. மாமாவின் பெட்டியில், முற்றிலும் கையால் செய்தது என்று ஸ்பானிய மொழியில் சூட்டு முத்திரை உண்டு. அந்த வகைச் சுருட்டுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுநீள இலை ஓடும். வெடித்தவற்றில் நான்கில், நீள இலைக்குப் பதிலாகத் தூளும் துண்டுமாக வெட்டிய புகையிலை! அந்த நான்கிலும், சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் பெயர் போட்ட காகிதப் பட்டியில் புதுப் பசை பளபளத்தது. நம்முடைய பட்டியைக் கழற்றி வேறு சுருட்டில் மாட்டியிருக்கிறார்கள். வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தத் திருட்டு எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. வெடிக்காத மற்றவற்றில் எத்தனை மாமாவுடையவை என்பதை அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

சில நாட்களில் மீதி இருந்தவற்றின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பஞ்சு படர்ந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், “நல்ல சுருட்டு பூக்கும், அண்ணே, அது தரத்துக்கு அடையாளம்” என்கிறார்! பச்சை நிறத்தில் ரோமம் மாதிரி நிற்பது பூஞ்சை. அதை யார் சொன்னாலும் பூவாக்க முடியாது.

காய்ந்த சுருட்டை மீட்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். ஈரம் திரும்பும். ஆனால் ஈரத்தோடு சேர்ந்து ஆவியாகிப் போன எண்ணெய்ப் பசை திரும்பாது, வாசனையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஆகவே, வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆக்குவேன் என்று எவர் சொன்னாலும் பொய். வெடிப்பில்லாமல், முகர்ந்தால் கொஞ்சமாவது மணம் மிச்சமிருந்தால் முயன்று பார்க்கலாம். இறுக மூடும் டப்பாவில் ஈரப்பதமானியோடு வைத்து, ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தும் பொட்டலங்களைப் போட வேண்டும். முதலில் 62 சதவீத ஈரப்பதத்துக்கான பொட்டலம், சில வாரம் கழித்து 65, பிறகு 69. அவ்வப்போது சுருட்டுகளை இடம் மாற்றிப் புரட்டி வைக்க வேண்டும். மொத்தத்தில் மாதக்கணக்கு ஆகும், இதில் குறுக்கு வழி கிடையாது. 75-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். மானியைச் சோதிக்க, பாட்டில் மூடியில் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும்.

ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடச் சொல்பவர்கள் உண்டு. பூஞ்சையை அழைத்து வந்து உட்கார வைக்கும் வழி அது. ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் காயும், குழம்பு வாசனையும் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றே 80 சதவீதத்தைத் தாண்டும் என்பதால், அந்த நாட்களில் டப்பாவைத் திறந்து போடுவதும் ஆபத்துதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ரசீதைக் காட்டச் சொன்னார். அவர் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘சர்வீஸ் 3,500’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை, கடைப் பெயர்கூட இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்தான், ஆனால் எங்கள் கையில் இருப்பது அந்தச் சீட்டு மட்டுமே. யாரிடமாவது கொடுத்தே தீர வேண்டுமென்றால் எண்ணிக்கை, பெயர், நீளம் எல்லாவற்றையும் கடை முத்திரை உள்ள ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு சுருட்டையும், முக்கியமாகப் பட்டியின் ஒட்டு தெரியும்படி, படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.