சூனானா, வென்சோவா? சீனக் கிராமத் தொழிலின் இரு வழிகள்

1978க்குப் பிறகு சீனாவில் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுத்ததும், வயலுக்குத் தேவையானதைவிட ஆள் அதிகம் என்பது தெரிந்துபோனது. மிச்சக் கைகளுக்கு வேலை கொடுக்க இரண்டு வழிகள் போட்டியிட்டன. ஒன்று ஜியாங்சு மாகாணத்தின் தெற்கில் உள்ள சூசோ, வூஷி, சாங்சோ பகுதியில் வளர்ந்த சூனான் வழி. மற்றது ஜெஜியாங் மாகாணத்தின் வென்சோ வழி. என் சாய்வு வென்சோ பக்கம்.

சூனானில் ஆலை ஊராட்சிக்குச் சொந்தம். மேலாளரை ஊராட்சியே நியமிக்கும். பழைய கம்யூன் (மாவோ காலக் கூட்டுப்பண்ணை) பட்டறைகள் அடித்தளமாக இருந்தன; அருகிலேயே ஷாங்காய். அங்குள்ள அரசு ஆலைப் பொறியாளர்கள் விடுமுறை நாளில் வந்து தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தார்கள். 'ஞாயிற்றுக்கிழமைப் பொறியாளர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். லாபத்தில் பள்ளி, பாசனம், சாலை எல்லாம் வந்தன. ஊருக்குள் ஏற்றத்தாழ்வும் குறைவு. இதில் வென்சோ நிச்சயம் பின்தங்கியதுதான்.

வென்சோ மலைப்பகுதி. விளைநிலம் சொற்பம், அரசு முதலீடும் சொற்பம். வீட்டு முன்னறையே பட்டறை. சியாவ்தோ பொத்தானுக்கு, லியூஷி மின் சுவிட்சுக்கு என ஊருக்கொரு சரக்கு. அதை விற்க நாடு முழுக்க அலையும் முகவர்கள். தனியார் ஏழு பேருக்கு மேல் கூலிக்கு வைப்பது சிக்கலாக இருந்த காலம். அதனால் ஏதாவதொரு கூட்டுடைமை நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி, அதன் பெயர், ரசீது, வங்கிக் கணக்கு மூன்றையும் வாங்கிப் பயன்படுத்தினார்கள். 'சிவப்புத் தொப்பி போடுவது' என்பார்கள். அப்படியும் 1982இல் லியூஷியின் முன்னணி வியாபாரிகள் எட்டுப் பேர் பொருளாதாரக் குற்றவாளிகளாக வேட்டையாடப்பட்டார்கள். 1984இல்தான் அவர்கள்மீதான பழி நீங்கியது. தனியார் தொழிலை அரசியல் சட்டம் ஏற்றது 1988இல்.

என் கணக்கில் தீர்ப்புச் சொல்வது ஒரே கேள்வி: நட்டம் வந்தால் யார் தலையில்?

சூனானில் கடனுக்குப் பின்னால் ஊராட்சி நின்றது. உள்ளூர் வங்கிக் கிளையால் அதிகாரியின் பேச்சைத் தட்ட முடியாது. ஆலையை மூடினால் ஊராட்சிக்கு வருமானமும் போகும், ஊராருக்கு வேலையும் போகும். எனவே பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். சரக்குத் தட்டுப்பாடு இருந்தவரை எதைச் செய்தாலும் விற்றது. குறை வெளியே தெரியவில்லை. 1990களின் நடுவில் சந்தை நிரம்பி, வங்கிகளும் கையை இறுக்கியபோது கடன் மொத்தமாக மேலே வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான ஆலைகள் தனியார் கைக்கு மாறின. பல இடங்களில் வாங்கியவர் பழைய மேலாளரே. ஊர்ச்சொத்து என்று நம்பியிருந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

வென்சோவில் நட்டப்பட்டவர் தன் பணத்தை இழந்தார், பட்டறையை மூடினார், வேறு சரக்குக்கு மாறினார். அதற்கும் விலை உண்டு. வங்கி கதவைத் திறக்காததால் பணம் சீட்டிலும் கைமாற்றிலும் புரண்டது. புதிதாகச் சேர்ந்தவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்த சீட்டுகள் 1986 வாக்கில் யுவேசிங் பகுதியில் உடைந்து, பல குடும்பங்கள் நாசமாயின. மலிவுக்காகத் தரத்தையும் விட்டார்கள்: 1987 ஆகஸ்டில் மாகாணத் தலைநகர் ஹாங்சோவில், வென்சோவில் செய்த தரங்கெட்ட காலணிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் நகராட்சி தரக் கட்டுப்பாட்டில் இறங்கியது.

வென்சோ வழியே மேல் என்ற இந்த முடிவை 1980, 90களின் சிறு தொழிலுக்கு மட்டுமே சொல்வேன். பெரிய முதலீடு கேட்கும் தொழில்களில் வென்சோவின் குடும்ப மூலதனம் எட்டவில்லை. 2011இல் கைமாற்றுக் கடன் அங்கே மறுபடி உடைந்தபோது, முதலாளிகள் பலர் ஊரைவிட்டே ஓடினார்கள்.